கடற்கரைப் பூங்காவுல நாட்டுச் செடிகளை மீட்க ஊர்க்காசு சேர்ந்திருக்கு, எதுல போடுறது?

உப்புக்காத்து

வணக்கம் மக்களே. எங்க ஊரு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவுல, தெக்குக் கடல் ஓரம். ஊராட்சிக்குச் சொந்தமா கடலை ஒட்டி ஒரு பூங்கா இருக்கு. பூங்கான்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கு, நாலு சிமெண்ட் பெஞ்சு, அதுக்கு அங்கிட்டு கடல் வரைக்கும் மணல்மேடுதான். அந்த மணல்மேட்டை மட்டும் நம்ம மண்ணுச் செடிக்குன்னு விட்டுரணும்னு முன்னாடி இருந்த தலைவர் முடிவு பண்ணி, ஸ்கூல் பிள்ளைங்களை வச்சு அடப்பங்கொடி, தாழை, ராவணன் மீசை, ஆவாரை எல்லாம் வச்சு, ஒவ்வொண்ணுக்கும் தகரத்துல பேரு எழுதி குத்தி விட்டிருந்தாங்க. ஐப்பசி மழை நல்லா புடிச்சா கார்த்திகை மார்கழியில போய் பாக்கணும், மணலே தெரியாது, ஊதாவா அடப்பம்பூ, ஊடால மஞ்சளா நெருஞ்சி, உள்ளே தள்ளி வெள்ளையா தும்பை. அதுவும் காலையிலேயே போயிரணும், வெயில் ஏறுச்சுன்னா அடப்பம்பூ சுருண்டுரும்.

இப்ப அது கிட்டத்தட்ட போச்சு. பின்னால ரோட்டுப் பக்கத்துல இருந்து சீமைக்கருவேலம் உள்ள நடந்து வந்துருச்சு, பாதி மேடு அதுதான். மிச்சப் பாதியில ராமேஸ்வரம் போற வேனுங்க நிப்பாட்டி சமைச்சு சாப்பிட்டுட்டுப் போறாய்ங்க, ஆடு வேற. பேரு எழுதுன தகரம் எல்லாம் உப்புக்காத்துல துருப்புடிச்சு ஒண்ணுகூட படிக்க முடியல.

நாங்க பசங்க ஒரு வாட்ஸாப் குரூப்ல பேச ஆரம்பிச்சோம், துபாய் சவுதி சிங்கப்பூர்னு இருக்கிற நம்ம ஊர்க்காரங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இப்ப ரெண்டு லட்சத்துச் சொச்சம் நிக்குது. காசு வந்ததுதான் தாமதம், குரூப்ல ஆளுக்கொரு திட்டம். ஒருத்தர் நர்சரியில ஆயிரம் கன்னு வாங்கி ஒரே நாள்ல நட்டு போட்டோ எடுக்கலாங்குறார். ஒருத்தருக்கு ஊர் பேருக்கு முன்னாடி ‘ஐ லவ்’னு லைட்டு போட்ட எழுத்து வேணும். இன்னொருத்தர் காண்ட்ராக்டர், அவரு பேவர் பிளாக், கொரியன் புல்லு, ஃபவுண்டைன்னு எஸ்டிமேட்டே அனுப்பிட்டார்.

எனக்கு அந்தப் பழைய பூவெல்லாம் திரும்ப வந்தா போதும். இதுல அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, மொதக் காசு எதுல போடணும், காசை யாரு பேருல வைக்கணும் (இப்ப என் ஜிபேலதான் கிடக்கு, எனக்கே பயமா இருக்கு), ஊராட்சிகிட்ட என்ன வாங்கணும், அப்புறம் மேட்டு ஓரத்துல ஒரு வரிசை சவுக்கு நிக்குது அதை எடுக்கணுமா விடணுமா?

பனங்காட்டான்

தம்பி, கன்னு வாங்குற யோசனைய மொதல்ல ஓரங்கட்டுங்க. சீமைக்கருவேலம் பாதி இடத்தைப் புடிச்சு நிக்கிறப்ப நீங்க என்ன நட்டாலும் அதுக்குத்தான் தண்ணி ஊத்துறீங்க. நான் சாயல்குடிப் பக்கம், எங்க கண்மாய்க் கரையில இந்தக் கூத்து எல்லாம் பாத்தாச்சு.

எல்லாரும் அரிவாளைத் தூக்கிட்டுப் போய் மட்டமா வெட்டிட்டு வந்துருவாங்க, அன்னைக்குப் பாக்க சுத்தமா இருக்கும். ஒரு மழை பெஞ்சதும் வெட்டுன கட்டையில இருந்து ஒண்ணுக்கு ஏழெட்டா தழைச்சு வரும், முன்னால மரமா நின்னது இப்ப புதராகி கை நுழையாது. அதனால தூரோட எடுக்கணும். இதுல உங்களுக்கு ஒரு நல்ல விசயம் இருக்கு, நம்ம ஜில்லாவுல கரிமூட்டம் போடுறவங்களுக்குத் தூர்க்கட்டை மேல தனி ஆசை, தூர் கரிக்கு நல்ல வெல. ஆளைப் பேசும்போதே ‘மரமும் உனக்கு தூரும் உனக்கு, ஒரு கட்டைகூட மண்ணுக்குள்ள நிக்கக்கூடாது’ன்னு பேசுங்க. ஆனா ஒண்ணு, புறம்போக்கு இடத்து மரம் அரசாங்கச் சொத்து, நீங்களா யாருக்கும் தூக்கிக் குடுத்துராதீங்க, ஊராட்சி மூலமா ஏலம் போட்டுத்தான் குடுக்கணும். ஏலக் காசு ஊராட்சிக்குப் போகும், உங்க காசு செலவாகாம எடம் காலியாகும், அம்புட்டுதான் நமக்கு வேணும்.

ஜேசிபி பத்தி கேப்பாங்க. ரோட்டுப் பக்கம் சமதரையில விடுங்க, மணல்மேட்டுக்கு மேல மட்டும் ஏத்தாதீங்க. ஒருக்க மேட்டு மேல ஜேசிபி ஏறுச்சுன்னா இருக்கிற கொடி வேரும் அறுந்து மணலும் கலைஞ்சு, அடுத்த கச்சான் (தென்மேக்கு) காத்துல மேடு பாதி ரோட்டுல வந்து கிடக்கும். மேட்டுல கடப்பாரையும் மம்பட்டியும்தான், மெதுவாத்தான் ஆகும்.

எடுத்ததோட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, அங்கதான் எல்லா ஊர்லயும் கோட்டை விடுறாய்ங்க. மண்ணுல கிடக்கிற விதை வருசக்கணக்கா செத்துப் போகாது. ஆடு மாடு காயைத் தின்னுட்டு வந்து புழுக்கையில விதையைப் போடும், உரத்தோட சேத்து விதைச்ச கணக்கு. மழை முடிஞ்சு ஈரம் இருக்கும்போது விரல் நீளத்துல கன்னு கன்னா முளைச்சு நிக்கும், அப்ப கையால புடுங்குனா வேரோட வந்துரும், பிள்ளைங்களே புடுங்கலாம். சித்திரை வரைக்கும் விட்டீங்கன்னா கடப்பாரை தேவைப்படும். ரெண்டு லட்சத்துல நான் இருந்தா பாதியை அப்படியே ஒதுக்கி வச்சு வருசா வருசம் இந்தப் புடுங்குற வேலைக்கு மட்டும்னு பூட்டி வைப்பேன். மதுரை ஹைகோர்ட் கிளை 2017 வாக்குல இந்த மரத்தை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டப்ப ஜில்லா பூரா ஜேசிபி ஓடுச்சு, இப்ப போய் அந்த எடமெல்லாம் பாருங்க எத்தனை இடத்துல திரும்ப நிக்குதுன்னு. எடுக்க ஆள் இருந்துச்சு, அடுத்த வருசம் போய் பாக்க ஆள் இல்ல.

ஜாலி_ராம்நாடு

பூங்கான்னா புல்லு பெஞ்சு லைட்டு இருந்தாத்தான பாஸ் சனம் வரும், முள்ளும் கொடியும் பாக்க எவன் வருவான். அந்தக் காண்ட்ராக்டர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

பனங்காட்டான்

புல்லுக்கு தெனம் தண்ணி யாரு ஊத்துறது? நம்ம ஜில்லாவுல குடத்தோட லாரிக்கு நிக்கிற ஊரு எத்தனை இருக்கு, போர் போட்டா உப்புத்தண்ணி. ரெண்டு கோடையில காஞ்சு போன கொரியன் புல்லை ராமநாதபுரம் டவுனுக்குள்ளயே பாக்கலாம்.

மண்டபம்_டீச்சர்

உப்புக்காத்து தம்பி, நான் ப்ளஸ் டூ பாட்டனி எடுத்து ரிட்டயர் ஆனவ. பனங்காட்டான் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு, அதுக்கு மேல செடி விசயத்துல நான் கொஞ்சம் சொல்றேன்.

நீங்க சொன்ன செடிக்கெல்லாம் நர்சரியே தேவையில்ல, பெரும்பாலும் நர்சரியில கிடைக்காது, கேட்டா நித்தியகல்யாணியும் காகிதப்பூவும் குடுத்து இதுவும் காட்டுப்பூதான்னு அனுப்பிருவாங்க. நித்தியகல்யாணி நம்ம கடக்கரை முழுக்க தானா பூத்துக் கிடக்கிறதால எல்லாரும் நம்ம செடின்னே நினைக்கிறாங்க, அது மடகாஸ்கர்ல இருந்து வந்தது. காகிதப்பூ தென் அமெரிக்கா. நித்தியகல்யாணியைக் கண்ட இடமெல்லாம் புடுங்கணும்னு சொல்ல வரல, அது கருவேலம் மாதிரி எடத்தை அடைக்கிற சாதி இல்ல, ஆனா காசு குடுத்து வாங்கி நாட்டுச்செடின்னு போர்டு வைக்காதீங்க.

அடப்பங்கொடிக்குக் கொடியை வெட்டி வச்சாலே போதும். முழங்கை நீளத்துக்கு, நாலஞ்சு கணு இருக்கிற மாதிரி எடுத்து, நுனியை மட்டும் வெளிய விட்டு மிச்சத்தைப் படுக்க வச்சு மணல்ல புதைங்க, கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரே எடத்துல மொட்டையடிக்காம பக்கத்துக் கரையில அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. விதையில இருந்து வரணும்னா அதோட தோல் ரொம்பக் கெட்டி, உப்புத்தாள்ல ஒரு பக்கம் தேச்சுட்டு ராத்திரி ஊறப்போட்டா முளைக்கும். கொழுஞ்சிக்கும் அதே கதைதான், நம்ம விவசாயிங்க வயலுக்குப் பசுந்தாள் உரமா போடுவாங்கல்ல, அவங்க மணலோட சேத்து லேசா இடிச்சுட்டு விதைப்பாங்க. கொழுஞ்சி கட்டாயம் போடுங்க, ஆடு அவ்வளவா வாய் வைக்காது, பூ சின்னதா இருந்தாலும் ஊதா நிறத்துல மாசக்கணக்கா நிக்கும். ராவணன் மீசைக்கு முள்ளுப் பந்து காத்துல உருண்டு போறதைப் பாத்திருப்பீங்க, சின்ன வயசுல அதைத் தொரத்தி ஓடாத பிள்ளை இந்தக் கரையில கிடையாது. அது உருண்டு போய் எங்க தடுக்கி நிக்குதோ அங்க உதிர்ந்து விதை போடும். உங்க மேட்டு ஓரத்துல பனைமட்டையில இடுப்பு உயரத்துக்கு ஒரு வேலி கட்டிட்டீங்கன்னா அந்தப் பந்தெல்லாம் வந்து அங்கயே சிக்கும், மணலும் சேரும், ஆடும் வேனும் உள்ள வராது. பனைமட்டைக்குப் பெரிய செலவும் இல்ல, கம்பி வேலி உப்புக்காத்துக்கு எத்தனை வருசம் தாங்கும்னு உங்க தகரத்தைப் பாத்தே தெரிஞ்சிருக்கும்.

எது எங்க வைக்கிறதுன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. கடலைப் பாத்த முகத்துல அடப்பங்கொடி, ராவணன் மீசை ரெண்டு மட்டும். அலை வந்து தொடுற எடத்தை ஒட்டி ஒண்ணுமே வேண்டாம், தை மாசத்துல இருந்து பங்குனி ஆமை முட்டை போட ஏறி வர்ற எடம் அது, அதனாலதான் லைட்டு போட்ட எழுத்தும் வேண்டாங்கிறேன், குஞ்சு பொரிச்சு வெளிய வந்ததும் வெளிச்சம் எங்க இருக்கோ அங்கதான் போகும், கடலுக்குப் போகாது. மேட்டுக்குப் பின்னால காத்து கொஞ்சம் அடங்குற எடத்துல கொழுஞ்சி, தும்பை, விஷ்ணுகிராந்தி, சிறுபூளை, ஆவாரை, எருக்கு. தைப்பொங்கலுக்குக் காப்புக் கட்ட சிறுபூளையும் ஆவாரம்பூவும் தேடி எங்கெங்கயோ அலையுறாங்க, உங்க பூங்காவுல இருந்தா ஊரே வந்து பாத்துக்கும். தண்ணி தேங்கி உப்புப் படியுற பள்ளம் இருந்தா அங்க வங்கராவாசியும் உமரியும் தானா வரும், விட்டுருங்க. கடைசியா ரோட்டுப் பக்கம், கருவேலம் எடுத்த எடத்துல, பூவரசு, புன்னை, பனை, அப்புறம் நம்ம உடைமரம். குடை விரிச்ச மாதிரி தட்டையா நிக்குமே அதுதான், இந்த ஜில்லாவுக்கே அடையாளமான மரம், அதை யாரும் காசு குடுத்து நடுறதில்லங்கிறதுதான் எனக்கு ஆதங்கம். கருவேலம் புடுங்குற ஆளுங்ககிட்ட உடையைக் காட்டி, இதைத் தொடாதேன்னு துணி கட்டி வைங்க, முள்ளு மரம்னா எல்லாம் ஒண்ணுன்னு வெட்டிருவாங்க.

நேரம் முக்கியம். புரட்டாசிக்குள்ள தூர் எடுக்கிறதை முடிச்சுருங்க, ஐப்பசியில மொத ரெண்டு மழை விழுந்தப்புறம் கொடி வைங்க விதை தூவுங்க. நமக்கு வருசத்துக்கு விழுறதே 800 மில்லிமீட்டர் சொச்சம், அதுல பெரும்பங்கு ஐப்பசியில இருந்து மூணு மாசத்துலதான், அதை விட்டா வாளி தூக்கணும்.

உப்புக்காத்து

டீச்சர் கையெடுத்துக் கும்பிடுறேன், இதை அப்படியே குரூப்ல போட்டுட்டேன். உடைமரம் ஒரு மூணு நிக்குது எங்க மேட்டுல, நாளைக்கே துணி கட்டிர்றோம். சவுக்கு பத்தி யாரும் சொல்லலியே?

வலைக்காரன்

சவுக்கு பத்தி நான் சொல்றேன். நானும் அந்தக் கரைதான், ஊரு வேணாம்.

அதை எடுக்காதீங்க. கன்னு வைக்கிறது பூ வரவைக்கிறது எல்லாம் சரி, ஆனா இம்புட்டு நேரம் இம்புட்டு பேரு பேசுறீங்க, அந்தக் கரையில தொழில் பாக்குற ஆளுங்ககிட்ட ஒருத்தராச்சும் கேட்டீங்களா? வள்ளத்தை ஏத்தி வைக்கிறது எங்க, வலை காயப்போடுறது எங்க, வலை தைக்க நெழல் எங்கன்னு. அந்த சவுக்கு நெழல்லதான் நாங்க உக்காந்து வலை பாக்குறோம். டீச்சரம்மா ராவணன் மீசை வைக்கச் சொல்றாங்க, நல்ல செடிதான் மணலைப் புடிக்கும், ஆனா அதோட எல நுனி ஊசி, வெறுங்காலோட இருட்டுல வள்ளத்தைத் தள்ளிட்டுப் போறவன் கால்ல ஏறுனா உள்ளயே ஒடிஞ்சு நின்னு சீழ் புடிக்கும். எங்க ஆளுங்க அதைக் கண்டாலே மம்பட்டியால கொத்திப் போடுறதுக்கு அதான் காரணம், செடி மேல கோவம் ஒண்ணும் இல்ல.

இதுக்கு முன்னால வேற ஒரு ஊர்ல இப்படித்தான் வெளிய இருந்து வந்தாங்க, பனியன் போட்டு ஒரே நாள்ல நட்டாங்க, நாங்க நடக்கிற பாதையை மறிச்சு வேலி போட்டாங்க, ஒரே வாரத்துல வேலி அடுப்புக்குப் போயிருச்சு. அது மாதிரி ஆகாம இருக்கணும்னா வேலி கட்டுறதுக்கு முன்னாடி கரைக்கு வந்து, எங்க பாதை விடணும்னு எங்களையே கோடு போடச் சொல்லுங்க. அப்புறம் புடுங்குற வேலைக்குக் கூலி குடுக்கப் போறீங்கன்னா பாசி எடுக்கப் போற பொம்பளைங்களைக் கூப்பிடுங்க, கடல் சரியில்லாம அவங்க சும்மா இருக்கிற நாள் இருக்கு, வேலையும் சுத்தமா இருக்கும்.

மண்டபம்_டீச்சர்

வலைக்காரன் தம்பி சொல்றது நியாயம். ராவணன் மீசையை வள்ளத்துறையில இருந்து தள்ளி ரெண்டு ஓரத்துல மட்டும் வச்சுக்கலாம், பாதை ஓரம் அடப்பங்கொடி போதும், அது காலுக்கு மெத்தை. சவுக்கு வெளிநாட்டு மரம்தான், அதோட சருகு மெத்தை மாதிரி படிஞ்சு கீழ வேற எதையும் முளைக்க விடாது, அதனால புதுசா ஒரு கன்னுகூட வைக்காதீங்க, மேட்டுக்குள்ள தானா முளைக்கிறதை எடுத்துருங்க. நிக்கிற ஒரு வரிசை நெழலுக்கு நிக்கட்டும். அதுக்கு ஊடால பூவரசும் புன்னையும் வச்சு வளத்துட்டீங்கன்னா சவுக்கு வயசாகி விழுறப்ப நெழல் மாறிக்கும்.

கீழக்கரை_பசீர்

ஸலாம் எல்லாருக்கும். நான் இப்ப இருக்கிறது அமெரிக்காவுல மினியாபொலிஸ்ல. இந்தத் திரியைப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா இங்க எங்க வீட்டுல இருந்து பத்து நிமிசத்துல இதே கதை நூறு வருசமா நடக்குது.

எலோய்ஸ் பட்லர் காட்டுப்பூத் தோட்டம்னு ஒண்ணு, 1907ல ஆரம்பிச்சது, அந்த நாட்டுலயே பொதுமக்களுக்கான காட்டுப்பூத் தோட்டங்கள்ல ரொம்பப் பழசு. ஆரம்பிச்சது யாருன்னா ஸ்கூல்ல பாட்டனி எடுத்த டீச்சர்மாருங்க (நம்ம டீச்சரக்கா கவனிக்க). ஊருக்குள்ள சதுப்பு நிலமெல்லாம் வீடாகிட்டு இருக்கேன்னு பார்க் போர்டுகிட்ட மனு குடுத்து ஒரு துண்டு நிலம் வாங்குனாங்க. எலோய்ஸ் பட்லர்ங்கிற அந்தம்மா 1933ல சாகுற வரைக்கும் அங்கயேதான் கிடந்தாங்க. அவங்ககிட்ட படிச்ச க்ளின்டன் ஓடெல்னு ஒருத்தர் 1952ல தோட்டத்துக்குன்னு ஒரு நண்பர்கள் சங்கம் ஆரம்பிச்சார், அது இன்னைக்கும் ஓடுது.

உங்களுக்கு உதவுற விசயம் என்னன்னா அங்க காசு எப்படிப் போகுதுங்கிறது. நிலம் பார்க் போர்டுக்குச் சொந்தம், தெனசரி பராமரிப்பும் சம்பளமும் அவங்க தலையில. சங்கம் மெம்பர் சந்தா வாங்கும், இறந்தவங்க நினைவா குடுக்கிற காசு வாங்கும், அந்தக் காசை மொத்தமா தூக்கிக் குடுக்காம இந்த வேலைக்கு இவ்வளவுன்னு பேர் போட்டுக் குடுக்கும். 1970ல பார்வையாளர் உக்கார ஒரு கட்டிடம் கட்டிக் குடுத்தாங்க, சதுப்புல செடியை மிதிக்காம நடக்க மரப்பலகைப் பாதை போட காசு குடுத்தாங்க, செடி வாங்க, ஸ்கூல் பிள்ளைங்க வர்ற பஸ்ஸுக்குக்கூட குடுக்கிறாங்க. போர்டு செய்ய வேண்டிய வேலையை இவங்க காசு போய் மூடி மறைக்கக்கூடாதுங்கிறதுல கவனமா இருப்பாங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் அதுதான் நடக்கும், பசங்க காசு போட்டதும் ஊராட்சி ‘அதான் நீங்க பாத்துக்குறீங்களே’ன்னு கைகழுவிரும். குப்பை எடுக்கிறது, லைட்டு, வேன் நிப்பாட்டாம பாக்குறது இதெல்லாம் ஊராட்சி வேலைன்னு எழுதி வாங்கிருங்க.

அங்கயும் ஒரு சீமைக்கருவேலம் இருக்கு. பக்தார்ன்னு ஐரோப்பாவுல இருந்து வேலிக்கு வந்த புதர், காடு பூரா அடைச்சு கீழ ஒரு பூ முளைக்க விடாது. மத்த மரமெல்லாம் குளிர்காலத்துக்கு முன்னாடி எலை உதிர்த்த பின்னாலயும் அது மட்டும் பச்சையா நிக்கும், அப்ப கண்ணுல படுறதை வேரோட புடுங்குவோம். பூண்டு வாசம் அடிக்கிற ஒரு கடுகுச் செடி இருக்கு, அதை வசந்தத்துல விதை வைக்கிறதுக்கு முன்னாடி புடுங்கி மூட்டை கட்டணும். நானும் போயிருக்கேன். எழுவது வயசுப் பாட்டிமாருங்க முட்டி போட்டு உக்காந்து புடுங்குறாங்க, வருசா வருசம் அதே வேலை, ஜெயிச்சாச்சுன்னு யாரும் சொல்றதே இல்ல. மான் உள்ள வராம சுத்தி வேலி, நமக்கு ஆடு மாதிரி.

கன்னு நடுறதுக்குக் காசு கேட்டா எல்லாரும் குடுப்பாங்க தம்பி, புடுங்குறதுக்குக் காசு கேட்டா யோசிப்பாங்க. அதனால கேக்கும்போதே ‘வருசத்துக்கு ஒரு துண்டு மணல்மேட்டைச் சுத்தமா வைக்க இவ்வளவு’ன்னு துண்டு துண்டா பிரிச்சுக் கேளுங்க, ஒருத்தர் வாப்பா நினைவா ஒரு துண்டு எடுத்துக்கலாம். நானும் ஒண்ணு எடுத்துக்கிறேன், அக்கவுண்ட் சொல்லுங்க.

கணக்கப்பிள்ளை

பசீர் காக்கா அவசரப்படாதீங்க, அங்கதான் சிக்கலே இருக்கு. நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறவன்.

வெளிநாட்டுல வேலை பாத்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறவங்க தன்னோட சம்பாத்தியத்துல இருந்து பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, வாங்கிக்கலாம். வேற நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டவங்க அனுப்புனா, ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கிறது) வச்சிருந்தாலும் சரி, அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாம வாங்குனா பிரச்சினை. சிங்கப்பூர் மலேசியாவுல அந்த ஊர் சிட்டிசன் ஆனவங்க உங்க லிஸ்ட்ல இருந்தா இப்பவே பேசித் திருப்பி அனுப்புங்க.

உப்புக்காத்து, உங்க ஜிபேல பொதுக்காசு ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். நாளைக்கு இன்கம்டாக்ஸ்ல கேட்டா அது உங்க வருமானம் இல்லன்னு நீங்கதான் நிரூபிக்கணும், ஊர்ல பேசுற பேச்சு அதுக்கு மேல. சங்கமாவோ டிரஸ்டாவோ பதிஞ்சு, அந்தப் பேருல பான் வாங்கி, மூணு பேர்ல ரெண்டு பேர் கையெழுத்து போட்டாத்தான் காசு எடுக்க முடியுங்கிற மாதிரி அக்கவுண்ட் தொறங்க. காசு குடுக்கிறவங்களுக்கு வரிக்கழிவு கிடைக்கிற 80ஜி பதிவு அப்புறம் எடுத்துக்கலாம், அதுக்காக வேலையை நிப்பாட்ட வேண்டாம். எடுத்தா வருசா வருசம் குடுத்தவங்களுக்கு நன்கொடை சர்டிபிகேட் குடுக்கணும், ரெண்டாயிரத்துக்கு மேல ரொக்கமா குடுத்ததுக்கு அவங்களுக்குக் கழிவு கிடையாது, புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு எப்படிக் குடுத்தாலும் கிடையாது. இப்ப நிறைய பேரு புது முறையில இருக்கிறதால 80ஜி இருந்தா காசு கொட்டும்னு யாரும் சொன்னா நம்பாதீங்க.

இன்னொண்ணு, நமக்கு நாமே திட்டம்னு அரசாங்கத் திட்டம் இருக்கு, பொதுமக்கள் பங்கு குறைஞ்சது மூணுல ஒண்ணு போட்டா மிச்சத்தை அரசாங்கம் போடும். பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல கேளுங்க. ஆனா அதுல வேலைன்னா எஸ்டிமேட், இன்ஜினியர், அளவுன்னு கட்டுமானம் மாதிரிதான் போகும், புடுங்குற கூலிக்கு அது சரிப்படாது. பசீர் காக்கா சொன்ன மாதிரி பிரிச்சுக்கங்க, நடைபாதை, வேன் நிப்பாட்டத் தனி எடம் இதெல்லாம் அந்தத் திட்டத்துல ரோட்டுப் பக்கம் கேளுங்க, உங்க காசு செடிக்கு. மணல்மேட்டு மேல பேவர் பிளாக் போடுறேன்னு அந்தக் காண்ட்ராக்டர் திரும்ப வந்தா கடற்கரை ஒழுங்குமுறை விதியில மணல்மேடு முதல் வகையில வருது, அனுமதி யாருகிட்ட வாங்கியிருக்கீங்கன்னு ஒரு கேள்வி மட்டும் கேளுங்க, அப்புறம் போன் வராது.

உப்புக்காத்து

ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேத்து ராத்திரி குரூப்ல கடும் சண்டை, ரெண்டு பேரு வெளிய போயிட்டாங்க (ஒருத்தர் காண்ட்ராக்டர்), பாதகம் இல்ல. மத்தவங்க சம்மதிச்சது இதான்: சங்கம் பதிஞ்சு காசை மாத்துறது, மலேசியா சிட்டிசன் ரெண்டு பேருக்குக் காசைத் திருப்பிட்டோம், அவங்க லீவுல ஊருக்கு வரும்போது வந்து புடுங்குறேன்னு சொல்லிட்டாங்க. ஊராட்சியில தீர்மானம் போட மனு எழுதிட்டோம், கருவேல ஏலமும் அதுலயே சேத்துருக்கு. காசுல பாதி தொடக்கூடாது, அடுத்த வருசங்களுக்குப் புடுங்குற கூலி. மிச்சத்துல பனைமட்டை வேலி, பேருப் பலகை (தகரம் வேணாம், கல்லுல வெட்டலாம்னு ஒருத்தர் சொல்றார்), அவ்வளவுதான். ஐ லவ் எழுத்து மட்டும் இன்னும் சாகல, ரோட்டுப் பக்கம் லைட்டு இல்லாமயாச்சும் வைங்கன்னு கெஞ்சுறாய்ங்க.

வலைக்காரன் அண்ணே, வேலி கட்டுறதுக்கு முன்னாடி பாதை கோடு போட உங்களைத்தான் கூப்பிடணும். ஞாயித்துக்கிழமை காலைல நாங்க பத்துப் பேரு கரைக்கு வரலாமா?

வலைக்காரன்

காலைல வந்தா வள்ளத்தைத்தான் பாக்கலாம், ஆளு இருக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு சவுக்குக்கிட்ட வாங்க. கோடு போட சுண்ணாம்பு எடுத்துட்டு வாங்க. அந்த ஐ லவ் ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க தம்பி, எத்தனை வள்ளம் எங்கிட்டு இறங்குதுன்னு அவங்களும் பாக்கட்டும்.